பாம்புச்செவிக்குக் கேட்ட குரல்

விபத்து நடந்தால் தானாகவே உதவி மையத்தை அழைக்கும் பெட்டி அது. இரும்புக் கதவு போட்ட சோதனை அறையில், ஒரு காருக்குள் பொருத்தி வைத்திருந்தார்கள். ரேடியோ அலையை எவ்வளவு வீசினாலும் அழைப்பு அறுபடக் கூடாது, காருக்குள் ஓடவிடும் ஒலிப்பதிவின் பேச்சு புரிய வேண்டும். விதி அவ்வளவுதான். வெளியே கணவன் அலையை ஏற்றுவான், மனைவி ஹெட்போனில் கேட்பாள். சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

பெட்டி செய்த கம்பெனியின் ஆள் பின்னால் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தார். இது பாஸானால்தான் கார்கள் விற்பனைக்குப் போகும்.

அலை உச்சத்துக்கு ஏறியது. பேச்சு புரிகிறது என்று அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். சும்மா இருக்க மாட்டாமல் கம்பெனி ஆளும் இன்னொரு ஹெட்போனை மாட்டினார்.

"மேடம், இதுல பேச்சு எங்க? வெறும் இரைச்சல்தானே?"

"'வண்டி கவிழ்ந்துடுச்சு, ரெண்டு பேருக்கு அடி'ன்னு தெளிவா வருதே சார்."

"அப்ப சரி, உங்க காதுதான் காது." சட்டென்று கழற்றி வைத்தார். வலிய வந்த சீதேவியை வேண்டாமென்று சொல்ல அவரென்ன முட்டாளா?

அவளுக்குத்தான் சந்தேகம் தட்டியது. பத்து வருஷமாக அதே ஒலிப்பதிவு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

"ஏங்க, பதிவை நடுவுல நிறுத்துங்க. எப்பன்னு எனக்குச் சொல்லாதீங்க."

"எதுக்கும்மா வேண்டாத வேலை? அதான் விரல் காட்டிட்டியே."

"நிறுத்துங்கன்னா!"

முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணை மூடினாள். இரைச்சல். அதற்குள்ளே வண்டி கவிழ்ந்தது, இரண்டு பேருக்கு அடி. விரலை உயர்த்தினாள். மறுபடியும் கேட்டது, உயர்த்தினாள். மூன்றாம் முறையும்.

திரும்பினாள். கணவன் முகத்தில் ஈயாடவில்லை.

"எப்ப நிறுத்துனீங்க?"

"இன்னும் நிறுத்தலையே..."

"பொய் சொல்ல உங்களுக்கு வராது."

"நீ கண்ணை மூடினவுடனே நிறுத்திட்டேன்."

"மேடம், நான் எதையும் பார்க்கல," என்றார் கம்பெனிக்காரர் அவசரமாக.

அவள் சோதனைப் படிவத்தை இழுத்தாள். கணவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இதை எழுதினா பழசையும் தோண்டுவாங்க. நீ எத்தனை பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கன்னு தெரியுமா?"

"நாற்பத்தொண்ணு. எல்லாம் ரோட்டுல ஓடுது."

கையை விடுவித்துக்கொண்டு, 'சோதனை செல்லாது' என்று குறித்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: 'கேட்டவரின் காதை நம்ப முடியாது. முந்தைய நாற்பத்தொன்றையும் வேறு ஆளை வைத்துச் சோதிக்கவும்.'

கீழே தன் பெயரைத் தெளிவாக எழுதினாள்.