ஜன்னல் வழியே ஒரு நேர்கோடு

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில், கணவன்மாருக்குப் பயந்து ஓடிவந்த பெண்கள் தங்கும் வீடு அது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டை இடித்துப் பெரிதாக்கும் முன், எங்கிருந்து எது தெரியும், எது மறையும் என்று வரைபடத்தில் கணக்கிட்டுச் சொல்ல ஜோஸி வந்திருந்தாள். அவள் தொழிலே அதுதான்.

மடிக்கணினியில் படத்தை விரித்ததும் கெய்லீன் வந்து பக்கத்தில் நின்றாள். மூன்று வாரமாக அங்கே தங்கியிருப்பவள்.

"என் புருஷன் என்னைப் பாத்துக்கிட்டே இருக்கான். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க."

"ஆறடி வேலி இருக்கு, கண்ணு. எட்டிப் பாக்க அவன் என்ன ஒட்டகச்சிவிங்கியா?" என்றாள் நிர்வாகி மார்ஜ்.

ஜோஸி சிரிக்கவில்லை. "எங்க நிக்கும்போது அப்படித் தோணுது?"

கெய்லீன் யோசிக்காமல் விரலை வைத்தாள். தொலைபேசி இருக்கும் இடம். சாப்பாட்டு மேசையின் ஓரம். பாத்திரம் கழுவும் தொட்டி. "மத்த இடத்துல ஒண்ணுமில்ல."

மூன்று இடத்திலும் புள்ளி வைத்துக் கோடு இழுத்த ஜோஸியின் கை அப்படியே நின்றது. மூன்றும் ஒரே சாய்கோட்டில் இருந்தன. கோட்டை நீட்டினாள். அது வாசற்கதவுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த கண்ணாடி ஜன்னலைத் தாண்டி, வேலிக்கு மேலாகத் தெருவைக் கடந்து, எதிர்க் குடியிருப்பின் முதல் மாடி பால்கனியில் போய் முட்டியது.

தெருவைப் பார்த்திருந்த துணி துவைக்கும் அறைக்குப் போய்த் திரைச்சீலையை ஒரு விரல் அகலம் விலக்கினாள். பால்கனியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மடியில் தொலைநோக்கி.

பின்னாலிருந்து கெய்லீன் மெல்லக் கேட்டாள். "ஒத்தக் காலை ஆட்டிக்கிட்டே இருக்கானா?"

"ஆமா."

"அவன்தான்" என்றாள் கெய்லீன். மார்ஜ் காவல்துறையின் எண்ணை அழுத்தினாள்.

வரைபடத்தில் எந்தப் பார்வையும் எட்டாத இடம் குளியலறை மட்டுமே. வீட்டில் அப்போதிருந்த மூவரும் அதன் தரையில் முட்டி மடக்கி உட்கார்ந்து கதவைத் தாழிட்டார்கள். வெளியே பட்டப்பகல். வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் நின்றது அவனுக்குப் பொறுக்கவில்லை போலும். பத்தாவது நிமிடம் வெளிக்கதவின் கம்பி குலுங்கியது. பிறகு வாசற்கதவில் அடி விழுந்தது.

"கெய்லீன். நீ உள்ளதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். பேசலாம், வா."

குரல் கெஞ்சலாகத்தான் இருந்தது. கெய்லீன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். வாசற்கதவுக்கு மேலிருந்த கண்ணாடி உடைந்து விழும் சத்தம் கேட்டது. ஜோஸி அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவனுடைய ஒரு கை ஜன்னல் வழியே உள்ளே தாழ்ப்பாளைத் துழாவிக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்து பிடித்தது.

அன்று மாலையே கெய்லீனை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். மார்ஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நம்பியிருக்கணும், கண்ணு."

"அடுத்து வர்றவளையாவது நம்புங்க" என்றாள் கெய்லீன். பின்சீட்டில் ஏறி, வெளியே யாருக்கும் தெரியாதபடி நீளப் படுத்துக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுக்கச் சொன்னாள்.