நேர்ச்சைச் சோறு

"சாவியக் குடுங்க! இரும்பு ஏதாச்சும் அவ கையில குடுங்க!"

மனைவி செபமாலையம்மாள் போட்ட கூச்சலில், குட்டிக்கானம் இறக்கத்து வளைவில் செபாஸ்டின் ஜீப்பை நடுரோட்டிலேயே நிறுத்தினான். பின்சீட்டில் மகள் ஜின்சி வில்லாக வளைந்து வெட்டிக்கொண்டிருந்தாள். கடைவாயில் நுரை. இரும்பென்று கைக்குச் சிக்கியது வண்டிச் சாவி மட்டும்தான். இஞ்சினை அணைத்தான். சாவியை உருவி, மகளின் விரல்களைப் பிரித்து உள்ளே திணித்தான்.

வலிப்பு நிற்கவில்லை. வண்டிதான் நின்றது.

பின்னால் அரசு பஸ் ஹாரனை அலறவிட்டது. "ரோடு என்ன உன் எஸ்டேட்டா?" என்று இறங்கி வந்த டிரைவர், ஜீப்புக்குள் எட்டிப் பார்த்ததும் திரும்பிப் பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தக் கை காட்டினார்.

கிளம்பலாம் என்றால் சாவி வேண்டும். அதுவோ ஜின்சியின் முஷ்டிக்குள். பூட்டுப் போட்டதுபோல் இறுகிவிட்ட முஷ்டி. தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் ஜீப் ஓட்டி உரமேறிய கைகளால் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. மூன்று நிமிடம் போயிற்று. வலிப்பே அலுத்துப்போய் விரல்களைத் தளர்த்திய பிறகுதான் சாவி வந்தது.

போன வருஷம் கோயில் திருநாளன்றுதான் முதல் வலிப்பு. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னதைத் தள்ளிப்போட்டார்கள். ஜெபவீடு நடத்தும் அம்மா சொன்னது சுலபமாக இருந்தது. அடுத்த திருநாள் வரை, தினம் சாயங்காலம் அப்பன் ஜெபம் சொல்லி, தன் கையாலேயே பிசைந்து ஒரு பிடி சோறு ஊட்ட வேண்டும். அப்படி வேண்டிக்கொண்ட ஒரு நேர்ச்சை. பதினோரு மாதமாக செபாஸ்டின் ஒருநாள்கூடத் தவறவில்லை.

"குதிர மாதிரி வளந்துட்டேன், இன்னும் ஊட்டுறீயளேப்பா! பக்கத்து லயத்து வீடுகள்ல சிரிக்காவ" என்று ஜின்சி கேலி செய்வாள். செய்துகொண்டே வாயைத் திறப்பாள்.

வலிப்பு குறையவில்லை. மாதம் ஒன்று என்று இருந்தது, இப்போது வாரம் ஒன்று. அடுத்த மாதம் நர்சிங் சேர வேண்டிய பெண்.

மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டினார் டாக்டரம்மா. மலையாளி, நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார். "மூளையில இந்தப் புள்ளியெல்லாம் புழுவோட முட்டையில இருந்து வந்த கட்டி. பன்னி இறைச்சியில வர்ற நாடாப்புழு."

செபாஸ்டின் துள்ளினான். "அவ பன்னியத் தொடவே மாட்டா டாக்டர்! திருநாளுக்கு நான் வறுத்தாக்கூட மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிருவா. திங்கிறது நாங்கதான்."

"அதேதான். வேகாத இறைச்சியைத் தின்னவங்க குடல்ல புழு வளரும். அவங்களுக்குப் பெரிசா ஒண்ணும் தெரியாது. முட்டை மலத்துல வரும். கையைச் சரியாக் கழுவாம சாப்பாடு குடுத்தா, சாப்பிடறவங்க மூளைக்குப் போகும்." அவர் விரல் படத்தின்மேல் நகர்ந்தது. "இது பழசு, காய்ஞ்சு போச்சு. இதெல்லாம் புதுசு. முட்டை இன்னும் உள்ளே போய்க்கிட்டு இருக்குன்னு நினைக்கிறேன்."

"கொன்னுருங்க டாக்டர்."

"இத்தனையையும் ஒரேயடியாக் கொன்னா மூளை வீங்கும். மெதுவாத்தான் பார்க்கணும். எவ்வளவு தேறும்னு இப்போ சொல்ல முடியாது. வீட்டுல யாருக்காவது மலத்துல வெள்ளையா, தட்டையா, துண்டு துண்டா வருதா?"

போன மழைக்காலத்தில் ஆஷா சுகாதாரப் பணியாளர் நிமியும் வாசலில் நின்று இதையேதான் கேட்டாள். "எங்க வயித்துல கஞ்சிக்கே இடமில்ல, புழுவுக்கு எங்க வாடகைக்கு விட?" என்றான் செபாஸ்டின். லயமே சிரித்தது.

"எங்க ரெண்டு பேருக்கும் அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் செபமாலையம்மாள். மலப் பரிசோதனைக்கென்று ஆளுக்கொரு டப்பா கொடுத்து அனுப்பினார்கள்.

வராந்தாவில் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாந்தான! மூணு வேளையும் ஆக்கிப் போடுறது நாந்தான! எனக்கே தெரியாம எம்புள்ளைய நானே..." செபாஸ்டின் டப்பாவை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

சாயங்காலம் ஜின்சி கண் விழித்தாள். நாக்கு குழறியது. "அப்பா... இன்னைக்கிச் சோறு?"

செபமாலையம்மாள் கேன்டீன் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு பருக்கையைக்கூடத் தொடாமல் காகிதத்தோடு அவன் மடியில் வைத்தாள். "திருநாளுக்கு இன்னும் ஒரு மாசந்தான். நேர்ச்சை முறியக் கூடாது. நீங்க ஊட்டுங்க. எங்கையி ஆகாது."

ஜின்சி வாயைத் திறந்து காத்திருந்தாள். செபாஸ்டின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்னங்க, புள்ள வாயத் தொறந்துக்கிட்டு இருக்கா!"

"நீ சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வந்து ஊட்டு, செபமாலை."

"எங்கையாலயா?"

"உனக்கு ஒண்ணும் இருக்காது." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "எனக்குத்தான். ரெண்டு வருஷமா வெள்ளை வெள்ளையா விழுது. வெக்கப்பட்டுக்கிட்டு நான் யாருட்டயும் சொல்லல."