கடைசிப் பக்கத்திலிருந்து

நகரமன்றப் பதிவறைக்கு அவள் நான்காவது முறை போனபோதுதான் கோப்பைக் கண்ணில் காட்டினார்கள். நடைபாலம் பற்றி நகரமன்ற உறுப்பினர் எழுதியதும் பெற்றதுமான மின்னஞ்சல்கள், நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முன்பக்கங்களில் கறுப்பு மை பட்டை பட்டையாக அடித்திருந்தது.

"இதென்ன சார், மெயிலா, வரிக்குதிரையா?"

"மேல சொன்னாங்க, அடிச்சேன்," என்றார் பதிவறை எழுத்தர். அவர் விரல் நுனியெல்லாம் மை. "இங்கயே உக்காந்து படிங்க. போட்டோ எடுக்கக் கூடாது. வேணும்னா கையால எழுதிக்கலாம்."

அவள் இருபத்திரண்டு வருடமாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். பாலம் இடிந்து விழுந்தபோது அதன்மேல் நடந்துகொண்டிருந்தவர்களில் அவள் தம்பியும் ஒருவன். இடது கால் இப்போது முழங்காலோடு சரி. 'விரிசல் இருந்தது யாருக்குமே தெரியாது' என்று உறுப்பினர் விட்ட அறிக்கை அவள் அச்சகத்துக்குத்தான் வந்தது. இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அந்தக் கையெழுத்து இன்றுவரை உறுத்துகிறது.

காலையில் கிளம்பும்போது தம்பி கேட்டான்: "விடுக்கா. நீ படிச்சுட்டு வந்தா கால் மொளைக்கவா போகுது?"

"மொளைக்காது. பொய்யோட கால ஒடிச்சுட்டு வரேன்."

பதிவறையில் தாள்கட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். தொழில் பழக்கம். முன்னாலிருந்து படித்தால் கண் விஷயத்தின் பின்னால் ஓடிவிடும், எழுத்தைப் பார்க்காது. எழுத்தரோ முதல் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டே வந்து, எண்பது பக்கத்துக்குமேல் கை ஓய்ந்து விட்டுவிட்டார். ஒவ்வொரு பதிலும் முந்தைய கடிதத்தைத் தன் அடியில் இழுத்துக்கொண்டு வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் கறுப்பாகிப்போன இரண்டு கடிதங்கள் நூற்றுப் பத்தாம் பக்கத்தின் அடியில் முழுசாகக் கிடந்தன.

பொறியாளர் எழுதியிருந்தார்: மூன்றாவது தூணில் விரிசல், பாலத்தை உடனே மூட வேண்டும். உறுப்பினரின் பதில்: தேர்தல் முடியட்டும், அதுவரை வெளியே மூச்சு விடக் கூடாது. தேதி, பாலம் விழுவதற்கு நாற்பது நாள் முன்பு.

அவள் நோட்டில் எழுதத் தொடங்கினாள். எட்டிப் பார்த்த எழுத்தருக்கு முகம் வெளுத்தது. மூடி திறந்த மைப்பேனாவோடு எழுந்து வந்தார்.

"அந்தப் பக்கத்தக் குடுங்கம்மா. ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு."

"தப்பு பாக்கறதுதான் சார் என் பொழப்பு. இதுல தப்பே இல்ல."

"என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். அவரும் யாருக்கோ அண்ணனாக இருக்கலாம். அந்த எண்ணம் ஒரு கணம் நின்றது, பிறகு போய்விட்டது. அவர் கை தாளின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. நோட்டில் பாதி வரிதான் ஏறியிருந்தது.

தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பெஞ்சுகளில் டோக்கனோடு முப்பது பேர் காத்திருந்தார்கள். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

"படிக்கக் கூடாதும்மா!"

"படிங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "கொஞ்சம் சத்தமா படிம்மா. பின்னாடி கேக்கல."

அவள் மறுபடி முதல் வரிக்குப் போனாள். எழுத்தர் அப்படியே நின்றார். திறந்த பேனாவின் முனை அவர் சட்டைக் கையில் பட்டு, மை வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.