பின்னறையின் பென்சில் கோடு

என் வீட்டை விற்கும்போது நான் வீட்டில் இருக்கக் கூடாதாம். இதைச் சொன்னவர் எங்கள் தரகர். வீட்டுக்காரி எதிரே நின்றால் பார்க்க வருகிறவர்களுக்கு அலமாரியைத் திறக்கவே கூச்சமாக இருக்கும் மேடம் என்று தேன் தடவியதுபோலச் சொன்னார். உண்மையான காரணம் என் வாய் என்று எனக்குத் தெரியாதா என்ன? முதலில் வந்த தம்பதியிடம், குளியலறைத் தரையில் ஒருமுறை தண்ணீர் தேங்கியதையும், அதை முழுசாகப் பெயர்த்துப்போட்டு நான் பக்கத்திலேயே நின்று சரிவு பார்த்து மறுபடி போடவைத்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர்களுக்கு முதல் பாதிதான் காதில் ஏறியது போலிருக்கிறது, டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

நான் ஒரு பெரிய தங்கும் விடுதியில் அறைப் பராமரிப்பு மேற்பார்வை பார்க்கிறவள். விருந்தாளி காலி செய்த அறைக்குள் போய், குழாய் மூட்டில் கசிவு இருக்கிறதா, கட்டிலுக்கு அடியில் தூசி இருக்கிறதா என்று பார்த்துச் சரி சொன்னால்தான் அடுத்தவருக்கு அந்த அறையைக் கொடுப்பார்கள். அங்கே எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரியே சொல்வார்கள். என் வீட்டுக்காரரும் அதைக் கேட்டுக்கொண்டு வந்து வீட்டிலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை தெரியாத வீடு என்னுடையது.

விற்கவேண்டி வந்தது அவருடைய முழங்காலால். படுக்கையறை, குளியலறை எல்லாம் மாடியில். படி ஏறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்ன நாளிலிருந்து அவர் கூடத்து சோபாவில் படுத்து, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் குட்டிக் கழிப்பறையிலேயே வாளி வைத்துக் குளித்துக்கொண்டிருக்கிறார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், அதற்குள் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது. ஒருநாளும் குறை சொன்னதில்லை. தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து முன்பணமும் கொடுத்தோம். அந்த வீட்டின் சொந்தக்காரர் மாதக் கடைசிவரைதான் பொறுப்பாராம், அதற்குப் பிறகு வேறொரு பார்ட்டி தயாராக நிற்கிறதாம். அதற்குள் எங்கள் வீடு விற்றாக வேண்டும்.

சந்தையோ படுத்த படுக்கை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விற்பனைப் பலகை தொங்கியது. வாங்க வருகிறவர்கள் ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நடந்துகொண்டார்கள். சுவரைத் தட்டுவார்கள், மூக்கைச் சுளிப்பார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள், அதோடு ஆளைக் காணோம். எனவே தரகர் சொன்னபடியே வாயைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். மாடியில் இருக்கும் பின்னறையில் நாங்கள் புழங்குவதில்லை. அதைத் துடைத்துப் பூட்டி, சாவியைத் தரகர் கையில் கொடுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த விலைகள் எல்லாம் அடிமாட்டு விலை. ஒருவர் விடாமல் பின்னறையைப் பார்த்ததும் முகம் மாறிவிடுகிறார்கள் என்று தரகர் தலையைச் சொறிந்தார். என்ன காரணம் என்று கேட்டால் மென்று முழுங்கினார். அதற்கு முன்பே ஒருநாள் வீட்டுக்குள் பெயிண்ட் வாசனை வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் விற்பதற்காக வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், அங்கிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். நானா அப்படி நினைத்தேன் என்று இப்போதும் ஆறவில்லை.

ஒரு நாள் அந்தச் சாவியைத் தரகரிடமிருந்து வாங்கித் திறந்து பார்த்தேன். சீலிங்கின் ஒரு மூலையில் பளீரென்று புது வெள்ளை. சுற்றிலும் பழைய வெள்ளை, நடுவில் சட்டைக்கு ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு சதுரம். கண்ணில்லாதவனுக்குக்கூடச் சந்தேகம் வரும்.

அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு மூட்டு விட்டுப்போய், சீலிங்கில் பழுப்பாக ஒரு கறை படர்ந்திருந்தது. மூட்டை வெட்டி எடுத்துப் புதுசு போடவைத்தேன். ஆனால் கறைமேல் பெயிண்ட் அடிக்கவிடவில்லை. ஏணி போட்டு ஏறி, கறையின் விளிம்பை ஒட்டி பென்சிலால் சுற்றிவர ஒரு கோடு போட்டேன். இனிமேல் ஒரு சொட்டு இறங்கினாலும் கறை கோட்டைத் தாண்டும், தாண்டினால் உடனே தெரிந்துவிடும். விடுதியில் நாங்கள் செய்கிற வழக்கம்தான் இது. மழைக்காலங்கள் வந்தன, போயின. கறை கோட்டைத் தாண்டவே இல்லை. அந்தக் கோடுதான் என் அத்தாட்சி. இந்த வீட்டில் கசிவு இல்லை என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சியை அழகு பார்க்கிறேன் என்று மூடித் தொலைத்திருந்தார்கள்.

அன்று மாலை வீடு இரண்டாகிவிட்டது. தரகர்தான் ஆள் அனுப்பினாராம், என் வீட்டுக்காரரிடம் கேட்டாராம், இவரும் சரி என்று தலையாட்டினாராம். எதற்கு என்றால், கறை இருந்தால் விலை போகாது என்று பயமாம். பென்சில் கோட்டைப் பற்றி இவருக்குத் தெரியும். ஆனால் வருகிறவர்களிடம் அதை யார் போய் விளக்கிக்கொண்டிருப்பது என்று முணுமுணுத்தார். நான் விளக்குவேன் என்றேன். என் வீட்டில் நான் ஒன்றும் திருட்டுப் பொருளைப் பதுக்கி வைக்கவில்லை என்றும், இனிமேல் யார் வந்தாலும் நான் இங்கேதான் நிற்பேன் என்றும் தரகரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

மாதம் முடியப்போகிற நேரத்தில் ஒரு அக்காவும் தம்பியும் வந்தார்கள். அக்கா பஸ் ஓட்டுகிறவள், வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தாள். தம்பி செல்போன் வெளிச்சத்தை மூலைமுடுக்கெல்லாம் அடித்துப் பார்த்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. விடுதியில் என்னிடம் இப்படி ஒருத்தன் வேலைக்கு இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

பின்னறைக்குள் போனதும் வெளிச்சம் நேராக மேலே போயிற்று. அதெல்லாம் ஒன்றுமில்லை சார் என்று தரகர் வாயெடுத்தார். நான் அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, குழாய் மூட்டு விட்டதிலிருந்து இவர்கள் பெயிண்ட் அடித்துக் காரியத்தைக் கெடுத்தவரை எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. ஏணியை இழுத்துப்போட்டு ஏறி, ஈரத்துணியால் ஊறவைத்து, சுரண்டும் தகட்டால் அந்தப் புது வெள்ளையை வழித்துத் தள்ளினேன். தலையெல்லாம் பெயிண்ட் தூள். தரகர் கண்ணை மூடிக்கொண்டார். கறை வந்தது, அதைச் சுற்றிக் கோடும் வந்தது. அங்கங்கே அறுந்திருந்தாலும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது.

கோட்டை நேற்றுகூடப் போட்டிருக்கலாமே என்றான் தம்பி. நியாயமான கேள்விதான், கோபம் வந்தாலும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பதில் தேடுவதற்குள் அவன் அக்காவே சொன்னாள்.

"கோடு போட்டு நம்மள ஏமாத்தணும்னா, எதுக்குடா அது மேலயே பெயிண்ட் அடிக்கப் போறாங்க?"

எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எத்தனை பேர் வந்தார்கள், ஒருத்தருக்காவது இந்தப் புத்தி இருந்ததா?

ஆனால் தம்பி லேசுப்பட்டவன் இல்லை. வீடு நல்ல வீடுதான், பராமரிப்பிலும் குறை சொல்ல முடியாது, ஆனால் சந்தை இருக்கிற நிலைமை எல்லோருக்கும் தெரியும் என்று பக்குவமாக ஆரம்பித்து, நாங்கள் கேட்டதைவிடக் குறைத்து ஒரு விலை சொன்னான். அடிமாட்டு விலை இல்லை. அந்த விலைக்குக் கொடுத்தாலும் தரைத்தள வீட்டை வாங்கிவிடலாம், கையில்தான் ஒன்றும் மிஞ்சாது. தரகர் சரி சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருக்கிற வீட்டைச் சந்தையைக் காட்டிக் குறைப்பதா? வீட்டைக் கொடுப்பதாகவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒரு காலை வைத்து, நின்று, இன்னொரு காலை இழுத்து வைக்கிற சத்தம். நான் வெளியே ஓடுவதற்குள் அவர் மேலே வந்துவிட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், நெற்றியெல்லாம் வியர்வை. கீழே எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"வெலயில ஒரு காசு குறைக்க மாட்டோம். இந்த வீட்ட இவ எப்படிப் பாத்துக்கிட்டான்னு எனக்குத்தான் தெரியும். வேணும்னா வாங்குங்க, இல்லன்னா விட்டுடுங்க. நான் கீழயே படுத்துக்குறேன்."

குரல் நடுங்கவில்லை, முழங்கால்தான் நடுங்கியது. கறையை மூடிவிடலாம் என்று பயந்த மனிதர், தனக்கென்று பார்த்த வீடே கைநழுவினாலும் பரவாயில்லை என்று என் பக்கம் வந்து நிற்கிறார். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் இதற்கு ஈடாகாது. கூடவே, அந்தக் கால்களை ஒரு நொடிகூட அதற்கு மேல் பார்க்க என்னால் முடியவில்லை.

தம்பி பக்கம் திரும்பி, நீ சொன்ன விலைக்கே கொடுக்கிறேன், இன்றைக்கே முடிக்கவேண்டும் என்றேன்.

அக்கா, தம்பியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் சம்மதம் என்று சொல்லிவிட்டாள். தொட்டியை எத்தனை நாளைக்கு ஒருதரம் கழுவுகிறீர்கள் என்று கேட்டாள். வீடு சரியான கைக்குத்தான் போகிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் இறங்கிப்போன பிறகு இவர் என்னைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு ஆதங்கம்.

"நான் அவ்ளோ கஷ்டப்பட்டு ஏறி வந்து வெலய நிறுத்துனா, நீ பாட்டுக்குக் குறைச்சுட்டியே. ஏன்?"

"நீங்க ஏறி வந்தீங்களே, அதான்."

அவர் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு நான் ஒரு படி முன்னால் இறங்க, என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். பாதிப் படியில் நின்று, கீழே காத்திருந்த அந்தத் தம்பிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"தம்பி, நீங்க எங்க தேடினாலும் இப்படிப் பாத்துக்கிட்ட வீடு கெடைக்காது."

சும்மா இருங்க என்றேன். ஆனால் அவர் அதையே இன்னொரு முறை சொன்னபோது நான் தடுக்கவில்லை.