புறாக்கள் போகிற ஊர்

வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டால் எங்கள் தெருவில் நின்று பேச முடியாது. கருங்கல் பாவிய தெரு. அதில் பெட்டிச் சக்கரங்கள் கடகடவென்று ஓடும். எங்கள் ஊரான லூவெனில் படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் அழுக்குத் துணியைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு ரயிலேறப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துவைத்த துணியோடும் டப்பா டப்பாவாகச் சூப்போடும் திரும்பி வருவார்கள். இருபது வயதுக் கழுதைகளுக்கு இன்னும் அம்மா துவைத்துப் போடுகிறாள். மாடியில் நாலு ரூம் வாடகைக்கு விட்டிருக்கிறேன், அதனால் இதை நான் வெளியே சொல்வதில்லை.

டெஸ்பினாவுக்குப் பக்கத்தில் வீடு கிடையாது. அவள் கிரேக்க நாட்டுப் பெண். வோலோஸ் என்று கடலோரத்தில் ஓர் ஊர். ஆறு மாதம் இங்கே வேதியியல் படிக்க வந்திருந்தாள். மற்றவர்கள் அம்மாவிடம் போகிற நேரத்தில் இவள் ஊர் சுற்றப் போவாள். ஒரு வாரம் ஆம்ஸ்டர்டாம், ஒரு வாரம் லக்சம்பர்க், ஒரு வாரம் எங்கோ டென்மார்க். பஸ்ஸில் தூங்குவாள், பத்துப் பேர் படுக்கிற விடுதியில் தங்குவாள், ரொட்டியும் ஆப்பிளும் தின்பாள்.

"என்ன பாத்த?" என்று கேட்பேன்.

"ஒரு சர்ச்சு."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அதுவும் சர்ச்சுதான். ஆனா இதைவிடப் பெருசு."

"நம்ம தெரு முனையிலயே ஒண்ணு இருக்கே."

"அதை மழை பெய்யும்போது பாத்துக்கலாம், வீட்டுக்காரரே."

பெயர் சொல்லிக் கூப்பிடு என்று சொன்னேன். குஸ்ட் என்பது அவள் வாயில் நுழையவில்லையாம். வீட்டுக்காரரே என்றுதான் கூப்பிடுவாள். கொஞ்சம் கேலியும் அதில் இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

சிக்கல் திங்கட்கிழமையில் இருந்தது. திங்கள் காலை அவளுக்கு லேப். ஏற்கெனவே இரண்டு தடவை தவறவிட்டிருந்தாள். ஒரு தடவை டென்மார்க் பஸ் வழியில் படுத்துவிட்டது. இன்னொரு தடவை ரயிலிலேயே தூங்கி, லூவெனைத் தாண்டி, கடற்கரையில் போய் எழுந்தாள். மூன்றாவது தடவையும் வராவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பரீட்சை இல்லை என்றால் இந்த ஆறு மாதமும் தண்ணீரில் எழுதின எழுத்து. ஊரில் பட்டம் வாங்குவதும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். என் மனைவி லீவாவிடம் அடுக்களையில் உட்கார்ந்து இதைச் சொல்லி அழுதாள். லீவா அவளுக்கு வாஃபிள் சுட்டுக் கொடுத்தாள். நான் சொன்னேன், "ஊர் சுத்தாதே. முடிஞ்சது." இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

தோட்டத்தில் எனக்குப் பந்தயப் புறாக்கள் இருக்கின்றன. வியாழக்கிழமை சாயங்காலம் அவற்றைக் கூடையில் போட்டுப் புறாப் பந்தய கிளப்புக்குக் கொண்டுபோவேன். ஊரில் உள்ள எல்லார் புறாக்களையும் ஒரு பெரிய லாரியில் ஏற்றி பிரான்ஸில் உள்ள பூர்ஜ் என்ற ஊருக்குக் கொண்டுபோவார்கள். சனிக்கிழமை காலையில் திறந்துவிட்டால் அதது தன் வீட்டுக்குப் பறந்து வரும். எது வேகமாக வந்ததோ அது ஜெயித்தது. நாற்பது வருஷமாக என் புறாக்கள் பூர்ஜுக்குப் போகின்றன. நான் போனதில்லை. புறா வளர்ப்பது அது திரும்பி வருவதைப் பார்க்கத்தான். போகிற ஊரைப் பார்க்க எனக்கு என்ன வேலை?

மே மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. என் ஆண் புறா நீலனை அதன் ஜோடியோடு கொஞ்ச நேரம் விட்டிருந்தேன். வாரம் முழுக்கப் பிரித்து வைத்து, போகிற அன்று மட்டும் காட்டுவது வழக்கம். டெஸ்பினா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவை மூக்கோடு மூக்கு உரசத் தொடங்கியதும் நீலனைப் பிடித்துக் கூடையில் போட்டேன்.

"ஐயோ, இது பாவம்."

"இது பந்தயம். ஆசை காட்டி அனுப்பினாதான் பறந்து வரும்."

"அப்ப எனக்கும் ஒருத்தனைக் காட்டி அனுப்புங்க. திங்கக்கிழமை டாண்ணு வந்துருவேன்."

அடுக்களை ஜன்னலிலிருந்து லீவா சிரிப்பது கேட்டது. "இந்தத் தெருவுல உனக்குக் காட்டற மாதிரி எவன் இருக்கான்?" என்றாள்.

பிறகு டெஸ்பினா கேட்டாள், "பூர்ஜ்ல சர்ச்சு இருக்கா?"

"இருக்கும். எந்த ஊர்ல இல்ல?"

"அப்ப இந்த வாரம் நான் அங்க போறேன். உங்க புறாவைத் திறந்துவிடறதைப் பாத்துட்டு சனிக்கிழமை சாயங்கால ரயிலுக்கே திரும்பிடறேன். ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்லதான். போதுமா?"

திங்கட்கிழமைக்கு ஒரு முழு நாள் மிச்சம். லீவாவும் சரி என்றாள். எனக்கு வேறொரு யோசனை வந்தது. லாரிக்காரன் ரோனி மேல் எனக்குப் பல வருஷமாகச் சந்தேகம். வழியில் இரண்டு நாள் புறாக்களுக்கு நேரத்துக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். வைக்கிறேன் என்கிறான். எவன் பார்த்தான்? என் புறாக்கள் தாகத்தோடு வந்து விழுவதை நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் வெயில் என்றார்கள். வெயில் என்று ரோனிதான் அவர்களுக்குச் சொல்லியிருப்பான்.

"ஒரு வேலை செய்," என்றேன். "அவன் தண்ணி வெக்கறானான்னு பாரு. நீ யாருன்னு சொல்லாதே."

"ஒற்றர் வேலையா?"

"பாக்கற வேலை. கண்ணு இருக்குல்ல, பாரு."

வெள்ளிக்கிழமை மற்ற பிள்ளைகளின் பெட்டிகளோடு அவள் முதுகுப்பையும் தெருவில் போயிற்று.

சனிக்கிழமை பூர்ஜில் மழை. புறாக்களை விடவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று கிளப்பிலிருந்து செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் டெஸ்பினா போன் செய்தாள்.

"வீட்டுக்காரரே, இங்க ஒண்ணும் பறக்கல. நான் கிளம்பட்டுமா, இருக்கட்டுமா?"

"தண்ணி வெச்சானா?"

"நான் வந்தப்புறம் ஒரு தடவை வெச்சாரு. அதுக்கு முன்னாடி தெரியாது."

"ஒரு தடவை யாரும் வெப்பான்."

"நாளைக்கு ரயில் ஸ்டிரைக்குன்னு ஸ்டேஷன்ல எழுதிப் போட்டிருக்கு. ஆனா அதெல்லாம் சும்மா. எங்க ஊர்ல வாரத்துக்கு ஒரு ஸ்டிரைக்கு சொல்லுவாங்க, ராத்திரியே வாபஸ் வாங்கிடுவாங்க. நாளைக்குப் பறக்கறதையும் பாத்துட்டே வந்துடறேன், என்ன?"

பிரான்ஸ்காரன் ஸ்டிரைக் என்றால் ஸ்டிரைக்தான். அது எனக்குத் தெரியும். சொல்லவும் செய்தேன். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. சாயங்காலம் தண்ணீர் வைக்கிறானா என்பது மனசில் ஓடிக்கொண்டிருந்தது. "உன் இஷ்டம்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் போன். இந்தத் தடவை வீட்டுக்காரரே என்று கூப்பிடவில்லை.

"ஸ்டேஷனைப் பூட்டிட்டாங்க."

"நான் சொன்னேன்ல."

"ஒரு ரயில்கூட இல்ல. பஸ்ஸெல்லாம் நிரம்பிடுச்சு, நாளைக்கு ராத்திரிதான் இடம். கார்ல கூட்டிட்டுப் போறேன்னு ஒருத்தர் சொன்னாரு, அவரும் வரலன்னுட்டாரு. நாளைக்குக் காலைல லேப்பு."

லீவா என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"அந்தப் பொண்ணு நேத்தே வந்திருக்கும்," என்றாள். "உன் தண்ணிக்காகத்தான் நின்னுச்சு."

"பறக்கறதைப் பாக்க நின்னுச்சு."

"குஸ்ட், என்கிட்ட கதை விடாதே."

"நான் என்ன பண்ணட்டும்? பறந்து போய்த் தூக்கிட்டு வரட்டுமா?"

"அங்க நம்ம ஊருக்கு வர்ற வண்டி ஒண்ணு நிக்குது. யாரோடதுன்னு உனக்கே தெரியும்."

தெரியும். அது முதலிலேயே என் புத்தியில் தட்டியிருந்தது. தட்டியதால்தான் பறந்து போகிற பேச்செல்லாம் பேசினேன். ரோனியிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. டெஸ்பினாவை ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அவனுக்குப் போன் போட்டேன்.

"யாரு, குஸ்டா?" என்றான். "உன் ஒற்றரைத் தேடறியா? காலைலகூட இங்கதான் வேலியோரமா நின்னுச்சு. நேத்து மழைல ஆப்பிளைக் கடிச்சுக்கிட்டு நிக்குது, நான் தண்ணி வெக்கறப்பெல்லாம் விரல் விட்டு எண்ணுது. பாவமா இருந்துச்சு, கூப்பிட்டுக் காப்பி குடுத்தேன். யாரு அனுப்பினான்னு கேக்கவே இல்ல. கேக்கணுமா என்ன?"

"புறாவை விட்டாச்சா?"

"ஒரு மணி நேரமாச்சு. நல்லா கிளம்பிடுச்சு. அதுக்கா கூப்பிட்ட?"

"அந்தப் பொண்ணு நாளைக்குக் காலைல இங்க இருக்கணும். ரயில் இல்ல. உன் வண்டில ஏத்திட்டு வா."

"ஆளை ஏத்தக் கூடாது. சட்டம்."

"கிளப்புல எவனும் கேக்க மாட்டான்."

"நீதான் கேப்ப. பதினஞ்சு வருஷமா நீ ஒருத்தன்தானே கேக்கற. ரோனி தண்ணி வெச்சானா, ரோனி வழில படுத்துத் தூங்கினானா." அவன் கோபமாகப் பேசவில்லை. சந்தோஷமாகத்தான் பேசினான். "நீலனோட கூட்டுல குஞ்சு இருக்காமே?"

நீலனின் குஞ்சை என் சொந்தத் தம்பிக்கே நான் கொடுத்ததில்லை. ஹாலந்திலிருந்து ஒருவன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து கேட்டான், வாசலோடு அனுப்பினேன். எதிரே லீவா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு," என்றேன்.

"நான்தான் பொறுக்குவேன்."

"சரி."

"உன் வார்த்தையை நான் நம்ப மாட்டேன். லீவாகிட்ட குடு."

லீவா போனை வாங்கினாள். "நான் சாட்சி, ரோனி. பொண்ணு இன்னும் ஒண்ணும் சாப்பிட்டிருக்காது. வழில எதாவது வாங்கிக் குடு," என்றாள்.

அன்றைக்கு மதியம் நான் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வானத்தைப் பார்க்க வேண்டிய நேரம். நான் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து தெருப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். லாரி சாயங்காலத்துக்கு முன்னால் வராது என்று தெரியும். வழியில் அவளை இறக்கிவிட்டு வந்துவிடுவானோ என்று ஒரு நினைப்பு. எல்லையில் போலீஸ் பிடித்தால் இது யாரோ, தானாக ஏறிக்கொண்டது என்று கைகாட்டிவிடுவான் என்று இன்னொரு நினைப்பு. நீலன் வந்ததை நான் பார்க்கவே இல்லை. லீவா கத்திய பிறகுதான் திரும்பினேன். அது கூரை விளிம்பில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நான் இடத்தில் இல்லாததால் இறங்கத் தயங்கியிருக்கிறது. அப்புறம் இறங்கிக் கூட்டுக்குள் ஜோடியிடம் போயிற்று. கூட்டுக்குள் நுழைகிற நேரம்தான் கணக்கு. கிளப்பில் அது ஒன்பதாவது. நேராக இறங்கியிருந்தால் மூன்றுக்குள் வந்திருக்கும்.

வெயில் சாய்கிற நேரத்தில் தெரு முனையில் லாரி ஹாரன் அடித்தது. எங்கள் சந்தில் அது நுழையாது. டெஸ்பினா நடந்து வந்தாள். தலைமுடியில் புறா இறகு, சட்டையெல்லாம் தவிட்டுத் தூசி, ஒரு கையில் பாதி தின்ற உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம். லீவா அவளை வாசலிலேயே நிறுத்தி விளக்குமாறால் தட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"பூர்ஜ் எப்படி?" என்று லீவா கேட்டாள்.

"சர்ச்சு ரொம்பப் பெருசு. ஆனா உள்ளேயே போகல. வண்டியோரமே நின்னேன்." என் பக்கம் திரும்பினாள். "கூடையெல்லாம் ஒரே நேரத்துல திறந்தாங்க. சத்தம் எப்படி இருந்துச்சு தெரியுமா? பெரிய மழை கீழேர்ந்து மேல போற மாதிரி. ஒரு சுத்து சுத்திச்சு, அப்புறம் எல்லாம் வடக்கே. எனக்கு அழுகை வந்துருச்சு. அப்புறம் ஸ்டேஷன் போனா அங்கயும் அழுகை."

"தண்ணி?"

"வெக்கறாரு. காலைல, சாயங்காலம். இன்னைக்குத் திறக்கறதுக்கு முன்னாடியும் வெச்சாரு, நானும் கூட ஊத்தினேன்."

"நீ பாத்துக்கிட்டு நின்னே, அதனால வெச்சான்."

டெஸ்பினா லீவாவைப் பார்த்தாள். லீவா தோளைக் குலுக்கினாள். "விடு. நாற்பது வருஷமா இப்படித்தான். நேரா குளிக்கப் போ."

படியில் ஏறப் போனவள் நின்றாள். "ரோனி சொன்னாரு. குஞ்சைப் பத்தி."

"அவனுக்கு வாய் நீளம்."

"நான் உங்களுக்கு என்ன..."

"நாளைக்குக் காலைல லேப்புக்குப் போ. அலாரம் வெச்சுக்கோ. ரெண்டு வெச்சுக்கோ."

மற்றப் பிள்ளைகள் சூப்பு டப்பாக்களோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். லீவா இவளுக்கு ஒரு பாத்திரத்தில் மாட்டுக்கறிக் குழம்பு ஊற்றி மாடிக்குக் கொடுத்தனுப்பினாள்.

திங்கட்கிழமை காலையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சைக்கிள் போயிற்று. போனாள் என்றால் லேப்புக்குத்தான் போனாள் என்று அர்த்தமில்லை. வழியில் டயர் பஞ்சராகலாம். கல்லூரிப் பக்கம் எனக்கும் கொஞ்சம் வேலை இருந்தது, ரொட்டி வாங்க வேண்டும். பக்கத்துக் கடையிலும் ரொட்டி விற்கிறார்கள், ஆனால் அவன் பழசை விற்பான்.

லேப் தரைத்தளத்தில் இருந்தது. ஜன்னல் பெரிது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டால் எல்லாம் ஒரே முகம். நான் நின்று தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது, டெஸ்பினா. பக்கத்தில் நின்ற வயதான மனிதரிடம் எதையோ சொல்லி என்னைச் சுட்டிக்காட்டினாள். அவர்தான் பேராசிரியராக இருப்பார். அவரும் பார்த்தார். நான் சைக்கிள்களைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ரொட்டி சூடாக இருந்தது. நடந்துகொண்டே முனையைப் பிய்த்துத் தின்றேன், லீவா திட்டுவாள். வெயில் நன்றாக அடித்தது. புதன்கிழமை ரோனி குஞ்சு பொறுக்க வருகிறான். கூட்டில் இரண்டு இருக்கின்றன. சின்னது இன்றைக்கே கொழுகொழுவென்று தெரிகிறது, ஆனால் பெரியதுதான் அப்பனைப் போல. அவன் வருவதற்குள் சின்னதுக்கு நன்றாகத் தீனி வைத்து முன்னால் உட்காரவைக்க வேண்டும்.