யார் குச்சி சாய்ந்திருக்கிறது?

மடிக்கணினித் திரையின் மூலையில், தபால்தலை அளவில் தன் முகம் தெரிந்ததும் பூகோள டீச்சர் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பத்தொன்பது வருஷமாக ஆறாம் வகுப்புக்கு அதே பாடத்தை நடத்தி வருகிறவர். எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இப்போது பிள்ளைகள் உலகத்தைப் பார்க்க வேண்டுமாம். வாரம் ஒரு நாள் கடல் தாண்டிய ஒரு பள்ளியோடு சேர்ந்து, கணினி வழியே இங்கிலீஷில் வகுப்பு.

தலைமையாசிரியை நாசூக்காகத்தான் சொல்லியிருந்தார். "சிரமமா இருந்தா சொல்லிடுங்க டீச்சர். புதுசா வந்த பொண்ணு இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குது. அவகிட்ட கொடுத்துடலாம்."

அந்தக் 'கொடுத்துடலாம்' மூன்று நாளாக நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "பூமி உருண்டைன்னு சொல்ல எதுக்கு இங்கிலீஷு? உருட்டிக் காட்டு," என்றார் கணவர். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வாக்கியங்களை எழுதிவைத்து, காய் நறுக்கும்போதெல்லாம் மனப்பாடம் செய்தார்.

வேலை என்னவோ எளிதுதான். இரண்டு பள்ளி முற்றத்திலும் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, இரு பக்கமும் ஒரே சமயத்தில் நிழலை அளக்க வேண்டும். இங்கே முற்பகல் பதினொன்றரை. அங்கே பள்ளி விடுகிற நேரம். தாழ்வாரத்து மேசையில் கணினி. பின்னால் நாற்காலி போட்டு, கையில் பேனாவோடு தலைமையாசிரியை.

இங்கே நிழல் குச்சியின் காலடியில் பூனைக்குட்டி போலச் சுருண்டு கிடந்தது. இருபத்தொரு சென்டிமீட்டர். அங்கே இரண்டு மீட்டருக்கும் மேல். ஒரு பையன் அதன் பக்கத்தில் படுத்தே காட்டினான்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வருஷம் முழுக்க வாய் திறக்காத சிறுமி அப்போது கேட்டாள். "ஒரே சூரியன்தானே மிஸ்? ஒரே நேரம்தானே? அப்ப யாரு குச்சி சாஞ்சிருக்கு? நம்மளதா, அவங்களதா?"

பன்னிரண்டு வாக்கியங்களில் இதற்கு ஒன்றுமில்லை. 'பாடத்துல இருக்கறத மட்டும் கேளு' என்ற பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் டீச்சரின் பார்வை குச்சியிலேயே நின்றது. செங்குத்தாகத்தான் நிற்கிறது. திரையில் தெரிகிற அவர்கள் குச்சியும் அப்படித்தான் நிற்கிறது. காலுக்கடியில் தரை மெல்ல வளைந்து, முற்றத்தைத் தாண்டி, கடலைத் தாண்டி, அந்தக் குழந்தைகளின் பாதங்கள் வரை இறங்கிப் போவதுபோல உள்ளங்கால் கூசியது. உருண்டை, உருண்டை என்று இத்தனை வருஷம் சொன்னாரே தவிர, அதன்மேல் இன்றைக்குத்தான் நின்றார்.

"எனக்கு டக்குனு சொல்லத் தெரியலம்மா. அவங்களையும் கேப்போம்."

கேட்டார். இலக்கணம் நொண்டியடித்தது. திரையில் இருந்த தாடிக்கார ஆசிரியர் தாடியைச் சொறிந்துவிட்டுத் தன் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். இரண்டு தேசத்துப் பிள்ளைகளும் கழுத்தைச் சாய்த்து வானத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரோ கால்பந்து கொண்டுவந்தார்கள். சிறுமி அதில் இரண்டு சாக்பீஸ் துண்டுகளைப் பசையால் நட்டு, வெயிலில் பிடித்து, வெகுநேரம் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டும் நேராத்தான் மிஸ் நிக்குது," என்றாள் மெதுவாக. "பந்துதான் வளைஞ்சிருக்கு."

பந்தைத் திரைக்கு நேரே உயர்த்திக் காட்டினாள். அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்தது.

தலைமையாசிரியை போகிறபோக்கில், "இங்கிலீஷைக் கொஞ்சம் தட்டிச் சரி பண்ணுங்க டீச்சர்," என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். "அடுத்த வாரம் குச்சிக்குப் பதிலா என்னத்த நடப் போறீங்க?"

பிள்ளைகள் சாப்பிடப் போய்விட்டார்கள். டீச்சருக்குக் கணினியை மூட மனம் வரவில்லை. அங்கே கணினியை யாரோ வகுப்பறைக்குள் கொண்டுவைத்து, அணைக்க மறந்து போயிருந்தார்கள். சாய்ந்த வெயில் காலி நாற்காலிகளில் விழுந்துகொண்டிருந்தது. துடைப்பத்தோடு ஒரு பெண் வந்தாள். நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றினாள். நிமிர்ந்தவள் திரையில் டீச்சரைப் பார்த்து நின்றாள். அவள் கிட்டே வந்து, தோளில் கிடந்த துணியை எடுத்து, தன் பக்கத் திரையில் டீச்சரின் முகத்தின்மேல் படிந்திருந்த தூசியைத் துடைக்கத் தொடங்கினாள். துணியும், பிறகு ரேகை ஓடிய உள்ளங்கையும் இங்கே டீச்சரின் திரை முழுக்க நிறைந்தன. யாரோ தன் முகத்தைத் துடைத்துவிடுவதுபோல டீச்சர் மூச்சைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.