பட்டியலில் முதல் இடம்

அம்மான் நகரத்து மருந்துக் கம்பெனி ஒன்றில் ருதைனாவுக்கு வேலை கம்ப்யூட்டரோடுதான். ஒரு மருந்தின் மூலக்கூறுகள் எந்தெந்த விதமாக அடுக்கிக்கொண்டு படிகமாகும் என்று கணக்குப் போட்டு, எது அதிக உறுதியோ அதை முதலில் வைத்துப் பட்டியல் கொடுப்பாள். வலிப்பு மருந்துக்கு அவள் கொடுத்த பட்டியலில், எட்டு வருஷமாகக் கம்பெனி தயாரிக்கும் படிகம் இரண்டாவதாக வந்தது. முதலாவதை உலகத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவ்வளவு உறுதியானது லேசில் கரையாது. கரையாத மாத்திரையை விழுங்குவதும் கூழாங்கல்லை விழுங்குவதும் ஒன்றுதான்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. தம்பி நிஸாருக்கு வலிப்பு. ஓட்டுவதோ டாக்சி. எத்தனையோ மருந்து பார்த்தும் இது ஒன்றுதான் அவனுக்கு ஒத்துக்கொண்டது.

வியாழக்கிழமை காலையில் ஆய்வுக்கூடத்து முஃதஸிம் கையில் குனாஃபா இனிப்புத் தட்டோடு வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"டாக்டரம்மா, வாயத் தொறங்க! உங்க நம்பர் ஒன்னு பொறந்தாச்சு! பதினாலு வாரம் உயிர வாங்கிட்டு, செவ்வாக்கிழமை குப்பியில ஊசி ஊசியா நிக்குது!"

அவள் தட்டைத் தொடவில்லை. "யார்கிட்டல்லாம் சொன்னீங்க?"

"நல்ல சேதிக்கு இனிப்புக் குடுக்காம இருக்க முடியுமா? அன்னிக்கே கீழ மருந்து தயாரிக்கிற தொட்டிக்காரங்களுக்கு ஒரு தட்டு கொண்டு போனேன். ஏன் இப்படி மொறைக்கிறீங்க?"

"எந்தக் கோட்டு போட்டுட்டுப் போனீங்க?"

முஃதஸிம் குனிந்து, தான் போட்டிருந்த ஆய்வுக்கூட வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே செத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும் என்று அவனுக்கும் தெரியும். தொட்டியில் அது விழுந்தால் மொத்த மருந்தும் அதைப் பார்த்தே அடுக்கிக்கொள்ளும். பிறகு எத்தனை கழுவினாலும் பழைய படிகம் அந்தக் கட்டடத்தில் வருவது சந்தேகம்தான். அந்தப் புதுப் படிகத்தைத் தேடச் சொன்னவளே ருதைனாதான். பட்டியலை மேசைக்குள் பூட்டி வைத்திருக்கக் கூடாதா என்று தன்னையே சபித்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

கடைகளில் பழைய சரக்கு ஏற்கெனவே தீர்ந்திருந்தது. புதன்கிழமை தொட்டியில் எடுத்த மருந்துக்குத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள். அதில் ஒரு கரண்டி வாங்கிவந்து, படிகத்தின் அடுக்கைக் காட்டும் எக்ஸ்ரே கருவியில் வைத்தாள். இருபது நிமிஷம். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கணக்குத் தப்பாக இருக்க வேண்டும் என்று அல்லாவிடம் மன்றாடினாள்.

திரையில் கோடுகள் எழும்பின. முதலாவது படிகத்துக்கு நாலு மாதம் முன்பு அவள் கணக்கிட்டு வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு முனையும் அதனதன் இடத்தில் இருந்தது. முஃதஸிம் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"நிஸார், கையில எத்தன மாத்திரை இருக்கு?"

"இரு அக்கா, வண்டிலதான் வச்சிருக்கேன்... பதினொண்ணு. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் எக்ஸ்ரே திரையை அணைத்தாள்.

"தீர்ந்தா என்ன, அந்தக் கம்பெனியிலதான நீ இருக்க! வரும்போது எடுத்துட்டு வா. சரி, சவாரி ஏறுது, வைக்கிறேன்."